முன் பிரேக்குல கை வச்சது யாரு

அப்பாவுக்கு, முத்துவேல் எழுதுறது.

ஆமா, தொட்டேன். ஆவணில அண்ணன் ஓட்டுற நம்ம பைக்குக்கு முன் பிரேக் பேடு மாத்துனது நான்தான். நீங்க கேட்டதுக்கு அதான் பதில். ஆனா அந்த ஒரு வார்த்தையோட போனை வச்சுட்டீக. மிச்சத்தைச் சொல்ல விடல. அப்புறம் நான் அடிச்சப்பல்லாம் கட் பண்ணுனீக, மெசேஜையும் திறக்கல. அதான் காகிதம். ராமநாதன் மாமா இன்னைக்கு உங்ககிட்ட மலேசியாவுக்குக் கிளம்புறாக, அவுக கையில குடுத்து விடுறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். படிச்சுட்டுக் கிழிங்க.

இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அண்ணனுக்கு வலது கை மாவுக்கட்டு இன்னும் பிரிக்கல. இடது கையால சோத்தை அள்ளித் தின்னுக்கிட்டு, தண்ணி கொண்டா, காத்தாடியப் போடுன்னு அம்மாவை வேலை வாங்கிக்கிட்டுக் கெடக்கு, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா. வலின்னு கேட்டா இல்லங்குது. ராத்திரி முனங்குது.

விழுந்த கதையை அண்ணன் உங்ககிட்ட எப்படிச் சொல்லுச்சோ தெரியாது. என்கிட்ட சொன்னது இது. பிள்ளையார்பட்டி கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வாரப்ப வண்டி இழுக்கவே மாட்டேங்குதேன்னு நெனச்சிருக்கு. பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுகன்னு நெனச்சு இன்னும் முறுக்கியிருக்கு. குன்றக்குடி தாண்டுனதும் பிரேக்கைத் தொடாமலே முன் சக்கரம் இறுகி நின்னுருச்சு. அண்ணன் ஹேண்டிலுக்கு மேல பறந்து போயி ரோட்டுல கையை ஊனிருச்சு. பின்னால பஸ்ஸு வராதது பிள்ளையார் புண்ணியம்.

நீங்க அங்குட்டு இருந்துக்கிட்டே தீர்ப்புச் சொல்லிட்டீக. பாலிடெக்னிக்க பாதியில விட்டவன் பாதி வேலைதான் பாத்திருப்பான்னு. அதோட விட்டீகளா? என் முதலாளி சேவுகப்பெருமாள் அண்ணனுக்குப் போன் போட்டு, இவனைப் பிரேக்குல கை வைக்க விடாதீகன்னு சொல்லிட்டீக. அவரு போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு செயின் மாட்டிக்கிட்டு இருந்தாரு. பட்டறையில நின்ன வண்டிக்காரனுக எல்லாரும் கேட்டானுக. இப்ப நான் பஞ்சர் ஒட்டுறேன். வண்டி கழுவுறேன். பெத்த அப்பனே நம்பாத பயகிட்ட நாங்க எப்படிறா வண்டிய விடுறதுன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேட்டான். ஈரத்துணியோட நின்னேன். அவன் வண்டியவே துடைச்சு விட்டேன்.

அவனுக்குப் பதில் இப்ப இருக்கு.

வண்டிய எடைக்குப் போடச் சொன்னீகல்ல, போடல. வாசல்ல முன் சக்கரத்தைத் தூக்கி வச்சுச் சுத்துனேன், சுத்துச்சு. பிரேக்கை நாலஞ்சு தடவை அமுக்கி விட்டேன். கையை எடுத்துட்டேன், சக்கரம் அசையல. நான் போட்ட பேடுல கோளாறோன்னு கழட்டிப் பாத்தேன். ஒழுங்காத்தான் தேஞ்சிருந்துச்சு, திரும்ப மாட்டி அமுக்குனா மறுபடியும் பூட்டிக்கிச்சு. அப்ப உள்ள ஆயில் அழுத்தம் பூட்டிக்கிட்டு நிக்குது. எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். பழைய வண்டில ரப்பர் டியூபு உள்ளுக்குள்ளயே சதை வச்சு அடைச்சுக்கும். அதுவா இருக்குமோன்னு, கீழ கை வைக்காம, மேல கைப்பிடி பக்கம் டியூபு சேருற நட்டை மட்டும் லேசா லூசு பண்ணுனேன். சொட்டுன்னு ஆயில் தெறிச்சுச்சு. சக்கரம் விட்டுருச்சு. டியூபு அடைச்சிருந்தா விடாது. அப்ப டியூபு மேல தப்பில்ல, கோளாறு அதுக்கும் மேல. கைப்பிடிக்கிட்ட சின்ன டப்பா ஒண்ணு இருக்கும்ல, ஆயில் ஊத்துறது. அதுல.

மூடியைத் திறந்தேன். தோசைக்கல்லு வாசம்.

சத்தியமாச் சொல்றேன், மூக்கை நம்பல. ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வச்சேன். பிரேக் ஆயில் அடியில தங்கிருச்சு, மேல மஞ்சளா ஒண்ணு தனியா மெதந்துச்சு. நல்லெண்ணெய். உள்ள இருந்த ரப்பரை எடுத்துப் பாத்தா ஊறுன கொண்டக்கடலை கணக்கா உப்பிக் கெடக்கு. பிரேக்கை விட்டா ஆயில் அந்த டப்பாவுக்குத் திரும்பணும், அதுக்குப் பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு. உப்புன ரப்பர் அதை அடைச்சுக்கிச்சு. போன ஆயில் திரும்பல. பிரேக் பிடிச்சது பிடிச்சபடியே ஓடி, சூடேறி, இன்னும் இறுகி, அண்ணனைத் தூக்கிப் போட்டுருச்சு.

அம்மாகிட்ட டம்ளரைக் காட்டி இது யாரு ஊத்துனதுன்னு கேட்டேன். வெள்ளந்தியாச் சொல்லிருச்சு. ஆயுத பூசை அன்னைக்கு உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாத்துக்கும் அப்பா எண்ணெய் காட்டுனாகல்ல, வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, டப்பாவுல வேற குறைஞ்சு கெடந்துச்சு, பூசை எண்ணெயையே ஊத்தி மூடியை முறுக்கிட்டாகன்னு. சொல்லி முடிச்ச பெறகுதான் அதுக்கே உறைச்சுச்சு. அப்பிடியே அடுப்படிக்குள்ள போயிருச்சு.

லீவுல வந்தீக, ஊத்துனீக, பொட்டு வச்சீக, கிளம்பிட்டீக. ஆசாரிக்கு எண்ணெய்னா சாமி. கதவு கீச்சுன்னா எண்ணெய், பூட்டு இறுகுனா எண்ணெய். தப்பில்லப்பா. மரத்துக்கும் இரும்புக்கும் சரி. ரப்பருக்கு விஷம். பேடு தேய்ஞ்சாலே டப்பாவுல ஆயில் இறங்கித்தான் நிக்கும், அது ஒண்ணும் குறை இல்ல. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் அன்னைக்குப் பின்னால நின்னு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்?

அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? விட்டுருடா, பெத்த புள்ள கையை நாமளே ஒடிச்சுட்டமேன்னு அந்த மனுசன் அங்க தனியாக் கெடந்து வேகும், நீ செஞ்சதாவே இருந்துட்டுப் போவட்டும்னு. அண்ணன் அதுக்கு மேல. உனக்கென்னடா, உன் பேரு ஏற்கனவே ரிப்பேரு, அப்பா பேரு அப்பிடியான்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் அந்த உப்புன ரப்பரைத் தாள்ல மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

முடியாதுப்பா. பாலிடெக்னிக் விட்டது நான், ஒத்துக்கிறேன். அங்க பிரேக்கைப் பலகையில படமாப் போட்டானுக, எனக்கு உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன். அது என் தப்பாவே இருக்கட்டும். இது என் தப்பு இல்ல. இதைச் சுமக்க மாட்டேன். உங்களுக்காகக் கூட மாட்டேன்.

மாமா என் பாஸ்போர்ட்டைக் கேட்டாக, நீங்க வாங்கிட்டு வரச் சொன்னதா. குடுக்கல. அங்க வந்து உங்களோட தச்சு வேலைக்குப் பலகை தூக்க மாட்டேன். ரப்பரு, டியூபு, கீழ சக்கரத்துக்கிட்ட இருக்குற சீலு எல்லாம் புதுசு போட்டு, பழைய ஆயில் சொட்டு விடாமக் கழுவி, டியூபுக்குள்ள நின்ன காத்தை எடுத்து வண்டிய ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். சிங்கம்புணரி வரைக்கும் போயிட்டு வந்து சக்கரத்தைத் தொட்டுப் பாத்தேன், சூடு இல்ல. கட்டுப் பிரிக்க அண்ணனை அதுலதான் கூட்டிட்டுப் போகப்போறேன். அண்ணன் வரேன்னுருச்சு. பயந்துக்கிட்டேதான்.

உப்புன ரப்பரை சேவுகப்பெருமாள் அண்ணன்கிட்டயும் காட்டுனேன். நான் நம்புறேன்டா, ஆனா ஊரு கேட்டது உங்கப்பன் குரலைத்தானடாங்குறாரு. நியாயந்தான். அதனால நீங்க அவருக்குப் போன் போடணும். அதே ஸ்பீக்கர்ல. அது அவன் கை இல்ல, என் கைன்னு சொல்லணும். மன்னிப்பெல்லாம் வேணாம், எனக்கு அதை வச்சு என்ன செய்யிறதுன்னு தெரியாது.

இன்னொண்ணு. இதுக்காகத்தான் இன்னைக்கே எழுதுறேன். அங்குட்டு வேலை சைட்டுக்குப் போக ஒரு பழைய பைக்கு வாங்கி, மாலை போட்டு, பொட்டு வச்சு போட்டோ அனுப்புனீகளாம். அம்மா நேத்துத்தான் காட்டுச்சு. பெருசு பண்ணிப் பாத்தேன். முன்னால டிஸ்க் பிரேக்கு. கைப்பிடிக்கிட்ட அந்த டப்பா மூடி ஓரத்துல பளபளன்னு எண்ணெய் வழிஞ்சிருக்கு.

எடுக்காதீகப்பா. அம்மாவை விட்டுப் போன்லயும் சொல்லச் சொன்னேன், காரணம் கேட்டா அது சொல்லாது, காரணம் இல்லாமச் சொன்னா நீங்க கேக்க மாட்டீக. மாமாகிட்டயும் வாயால சொல்லியிருக்கேன். என் மேல கோவமா இருங்க. ஸ்பீக்கர்ல பேசாட்டியும் போங்க. பஸ்ஸுல போங்க, நடந்து போங்க. அந்த வண்டிய மட்டும் எடுக்காதீக. எனக்குப் போன் போடுங்க, வீடியோல வாங்க, எந்த நட்டுன்னு நான் காட்டுறேன். ராத்திரி எந்நேரம்னாலும் எடுப்பேன், ஒரு ரிங்குல எடுப்பேன், நீங்க மட்டும்

மாமா காரை எடுத்துட்டாக, ஓடணும்.

முத்துவேல்