மொட்டைமாடிக் குளத்தில் பெண்கள் நேரம்

இன்று காலை மொட்டைமாடிக் குளத்தருகே இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நம் கட்டடத்துக் காவல்கார நாத்தூர் ஹம்சா பாய், தண்ணீருக்கு மருந்து கொட்ட வந்த நேபாளத்து ஆள். வெள்ளிக்கிழமை, பெண்கள் நேரம். அந்த நேரத்தில் காவல்காரரே ஆனாலும் ஆண்கள் மேலே வரக் கூடாது. யாரும் வருவதில்லை என்று தெரிந்து அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கப் போகவில்லை. காயப்போட்ட போர்வையை எடுக்கப் போனேன். அந்த க்ளோரின் வாடை மூக்கில் ஏறியது. உன் ஈரத் தலை ஞாபகம் வந்து, முழங்காலும் கெஞ்ச, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், லேடீஸ் டைமுக்கு மாஃபி, ஆளே இல்ல," என்றார் ஹம்சா பாய். "இந்த டைமை எல்லாருக்கும் விட்டுரலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நீங்க மத்த லேடீஸ்கிட்ட பேசி வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா கலாஸ், அதோட முடிஞ்சது."

பேசுகிறேன் என்றேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. அதற்காகவே உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்து, முவைலாவில் இந்தக் கட்டடத்தில் நம் இரண்டு குடும்பமும் குடியேறியபோது எனக்கு மூட்டு வலி, உனக்கு ரத்த அழுத்தம். டாக்டர் இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார். இந்த வெயிலில் எங்கே நடப்பது? பேரங்காடிக்குள் நடந்தால் பை நிறைந்துவிடுகிறது. நீதான் மேலே ஒரு குளம் சும்மா கிடக்கிறதென்று கண்டுபிடித்து, ஹம்சா பாயை விரட்டி விரட்டிப் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் வாங்கினாய்.

முதல் நாள் நான் செய்த காரியத்தை நீ கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, வழக்கம்போலத் தலைநிறைய நல்லெண்ணெய் வைத்து, முகத்தில் மஞ்சள் பூசி, முருகா என்று முழுக்குப் போட்டேன். தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. காவலுக்கு இருந்த பிலிப்பினோப் பெண் விசில் ஊதியே ஓய்ந்துபோனாள்.

"ஏட்டி, நீந்த வந்தியா, தாளிக்க வந்தியா?" என்றாய். "இனி எண்ணெய்க் குளியலைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திக்கோ. முருகனுக்கும் அதுதான் உகந்த நாள், கோவிச்சுக்க மாட்டார்." மாற்றிக்கொண்டேன். இன்றுவரை செவ்வாயில்தான் எண்ணெய் வைக்கிறேன்.

நீந்தி முடித்து, தலை உலர, பிளாஸ்கில் இஞ்சி டீயோடு நாம் படித்ததை நினைத்துப் பார்க்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். நான் பத்தாவதோடு நின்று, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் பழகியவள். நீச்சலையும் உடம்பையும் பற்றி எந்த ஆராய்ச்சி வந்தாலும் நீ செல்போனில் எடுத்து வைப்பாய். நான் மளிகை பில்லைச் சரிபார்க்கிற மாதிரி கேட்பேன்: எத்தனை பேரைப் பார்த்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், அவர்கள் யார், வயது என்ன?

"காய்க்காரன்கிட்ட பேரம் பேசுத மாதிரில்லா ஆராய்ச்சிக்காரங்ககிட்ட பேசுத."

"நீந்துறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு போட்டிருக்கான். ஆரோக்கியமா இருக்குறவங்கதான் நீந்தப் போறாங்களோ என்னமோ?"

"எல்லாத்துலயும் உனக்குச் சந்தேகம். சாமியை மட்டும் எப்படி நம்புத?"

"சாமி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலியே," என்றேன். நீ டீயைத் துப்பிவிட்டாய்.

நான் இன்னும் படிக்கிறேன். முன்பெல்லாம் பந்தயத்தில் நீந்துகிற வாலிபர்களைத்தான் அதிகம் அளந்தார்கள் போலிருக்கிறது. இப்போது வயதானவர்கள், மூட்டுத் தேய்ந்த பெண்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் வெறுமனே நடக்கிறவர்கள் என்று நம் பக்கம் வந்திருக்கிறார்கள். தூக்கம், மனச்சோர்வு என்றெல்லாம் கேட்கிறார்கள். குளிர்ந்த நீரில் இறங்குவதற்கு இப்போது ஒரு மோகம். ஆனால் அதில் பார்த்த ஆட்கள் கொஞ்சம், இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதுகிறார்கள். எதையும் அடித்துச் சொல்வதில்லை. 'உதவக்கூடும்' என்கிறார்கள். அழுத்தம் 'ஓரளவு குறையலாம்', மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்கிறார்கள். அந்த வரி வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

லீவில் ஊருக்குப் போன நீ திரும்பவில்லை. காலையில் காப்பி போட எழுந்தவள் அழுத்தம் ஏறி அடுக்களையிலேயே விழுந்துவிட்டாய் என்று போன் வந்தது. இங்கே பெண்கள் ஒவ்வொருவராக மாடிக்கு வருவதை நிறுத்தினார்கள். மூன்றாம் மாடி மாலா லிஃப்டில் என்னிடமே கேட்டாள்: "அவ்வளவு நீந்தின அக்காவே போயிட்டாங்க. இனி எதுக்கு இந்தத் தண்ணியில கெடந்து ஊறணும்?" நானும் மேலே போவதை நிறுத்திவிட்டேன். இப்போது விளக்கேற்றத் தரையில் உட்கார முடியவில்லை. சாமி முன்னால் நாற்காலி போட்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் விசாவை கேன்சல் செய்து வீட்டைக் காலி செய்தபோது சாமான் கட்ட உதவிக்குப் போனேன். உன் அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை அள்ளி அள்ளி எடுத்தார்.

"வாங்கிக் கொடுத்ததெல்லாம் அப்படியே இருக்கு சிஸ்டர். உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

இல்லை என்றேன். உண்மைதான், நீ சொல்லவில்லை. கடைசியில் டாக்டரிடம் போய்வந்த அன்று, "அழுத்தம் இறங்கிட்டுட்டி, தண்ணி என்னைப் பாத்துக்கிடும்," என்றாய். மாத்திரையும் சேர்ந்து இறக்கியதைத் தண்ணீரின் கணக்கில் மட்டும் எழுதிக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று அந்த அலமாரியின் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. கணக்கு டீச்சர் நீ.

"பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர். அம்மா அவளா வரவழைச்சிக்கிட்டான்னு ஆயிடும்," என்றார். தலையாட்டினேன். இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மாலாவுக்கும் அழுத்தம். இப்போது தண்ணீரும் இல்லை, நடையும் இல்லை. மாத்திரையும் ஒரு நாள் போட்டால் ஒரு நாள் இல்லை என்கிறாள். தண்ணீர் உன்னைக் கைவிட்டது என்று அவளும் மற்றவர்களும் நம்புகிறார்கள். நடந்ததைச் சொன்னால் மேலே வருவார்கள், மாத்திரையையும் விடமாட்டார்கள். ஆனால் அதைச் சொன்னால் ஊருக்குப் போன் போகும், உன் பெண்ணின் காதுக்கும் எட்டும். உன்னை அசடு என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

உனக்காகக் கும்பிடும் நேரத்திலும் இதுதான் ஓடுகிறது. உன் வீட்டுக்காரருக்குத் தலையாட்டிவிட்டேன். ஆனால் விஷயம் உன்னுடையது, உன்னைக் கேட்காமல் எடுத்துச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. கனவிலோ, விளக்கின் முன்னாலோ, உனக்கு எப்படி முடியுமோ அப்படி வா. மாலாவிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லு.