முப்பதாம் தேதி முத்திரை

சிவகாசி
3-8-2024

அன்புள்ள ஆர்த்தி,

இங்கே அப்பாவும் நானும் நலம். உன் வீட்டுக்கார அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே?

உன் கதை இருபத்தைந்தாம் தேதியே வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு மாதம் தவறாமல் எப்படித்தான் எழுதுகிறாயோ! கல்லூரியில் பார்த்த அதே துள்ளல். நான் முப்பதாம் தேதி, தபால் நிலையம் மூடுகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடினேன். மாதம் ஒரு கதை, முப்பதாம் தேதிக்குள் தபாலில், போனில் பேச்சில்லை, தபால் முத்திரைதான் சாட்சி என்று ஜனவரியில் நீ போட்ட சட்டம் என்னை வாட்டி எடுக்கிறது. ஆனால் அதனால்தான் ஏழு கதை முடித்தேன். அதற்கு முன் எதையும் பாதிக்கு மேல் எழுதியதில்லை.

காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க அச்சகத்தில் ராகுகாலம், எமகண்டம் என்று பிழை திருத்திக் கண் பூத்துப்போகிறது. ஆகஸ்ட் மட்டும் விட்டுவிடட்டுமா?

உன்,
வல்லி

விருதுநகர்
9-8-2024

என் அருமை வல்லி,

விடக் கூடாது. தவறினால் அடுத்த மாதம் இரண்டு கதை, அதுதான் தண்டனை. என் வீட்டுக் கூட்டத்தில் நானே எழுதும்போது உனக்கென்னடி? அப்பாவும் நீயும் மட்டும்தானே! காரணம் சொல்லிச் சொல்லித்தான் நம் வகுப்பில் எழுதிய அத்தனை பேரும் நின்றுபோனார்கள்.

என் ஆகஸ்ட் கதை இத்துடன்.

முத்தங்களுடன்,
ஆர்த்தி

சிவகாசி
22-9-2024

அன்புள்ள ஆர்த்தி,

ஆகஸ்ட் கதை உனக்குக் கிடைத்திருக்கும். செப்டம்பர் கதை வராது.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி அப்பா என் மேசைப் பக்கம் வந்து நின்றார். “தாயி, இடது கண்ணுல கறுப்பா நூல் நூலா ஓடுது. மதுரைக்கு ஒரு எட்டு போய்க் காமிச்சிட்டு வருவமா?” என்றார். “முப்பது முடியட்டும்ப்பா” என்றேன். “சரி, நீ எழுது” என்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை நாரணாபுரத்துக்கு ஆள் ஏற்றக் கம்பெனி வேனை எடுத்தவர், எங்கள் தெருமுனைச் சுவரில் உரசிவிட்டார். நல்லவேளை, வேனில் யாரும் இல்லை. பாதிக் கண்ணுக்குத் திரை போட்ட மாதிரி இருந்ததாம். விழித்திரை கழன்றுவிட்டது, ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் மதுரை டாக்டர். அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. கம்பெனியில் வண்டிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டி.

அந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது, ஆர்த்தி. அதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னைப் போல இருந்திருந்தால் இருபதுக்குள் முடித்துவிட்டு அவரைக் கூட்டிப் போயிருப்பேன்.

வல்லி

விருதுநகர்
28-9-2024

வல்லி,

உன் கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன்.

என்னைப் போல இருந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாயே. நான் எழுதவே இல்லை. உனக்கு அனுப்பிய எட்டும் கல்லூரி முடித்த கையோடு எழுதிப் பெட்டியில் போட்டவை. புதுத்தாளில் பிரதியெடுத்து, அங்கங்கே ஒரு செல்போனைச் சேர்த்து அனுப்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கதைகூட எழுதியதில்லை.

ஜனவரியில் நிஜமாகவே உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வரை ஒரு வரி வரவில்லை. சட்டம் போட்டவளே தோற்பதா என்று வெட்கம். இந்த ஒரு மாதம்தானே என்று பழையதை எடுத்தேன். பிறகு, நான் நிறுத்தினால் நீயும் நிறுத்திவிடுவாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீ என்னைப் பார்த்து வியந்தது எனக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் விடட்டுமா என்று கேட்டாய். சரி என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். எழுதாத நான், உனக்குத் தண்டனை விதித்தேன்.

அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? திட்டியாவது ஒரு வரி எழுது.

ஆர்த்தி

சிவகாசி
17-11-2024

ஆர்த்தி,

பலமுறை எழுதிக் கிழித்தேன். போன வாரம்தான் உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

“பாவம், அந்தப் பிள்ள எம்புட்டு நாளா இத மனசுல வச்சுப் புழுங்குச்சோ” என்றார். பிறகு, “முப்பது முடியட்டும்னு சொன்னது நீதான தாயி? அவளா சொன்னா? நானும் தனியா பஸ் ஏறிப் போயிருக்கலாம்ல?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சரியென்று தெரிந்தும் உன் மேல் உள்ள கோபம் குறையவில்லை. உன்னைக் கோபித்தால் என் மேல் உள்ளது கொஞ்சம் மறக்கிறது.

உன் எட்டுக் கதைகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல கதைகள். அந்த வயதில் நீ என்னைவிட நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். “அந்தப் பிள்ளைய ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு” என்று தினமும் சொல்கிறார். வா. பிள்ளைகளையும் கூட்டி வா.

சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அச்சகம் உண்டு. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

கற்பகவல்லி