அந்தப் பார்சலைப் பிரிக்காதே

என் அன்பு வாயாடிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளரும் சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஆண்டவனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அதைப் பாதியாகக் குறைத்துக்கொள், நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், அந்த அளவுக்கு நலம். போனில் நான் அந்தப் பார்சல் வந்தால் பிரிக்காதே என்றதும் ஏம்மா ஏம்மா என்று துளைத்துவிட்டாய். அப்பா அதே அறையில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வரவை முதலில் போட்டுவிட்டுத்தான் பற்றுக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும்.

சமையலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்குக் கால் தேறிவிட்டது, அவர் நடக்க ஆரம்பித்ததும் தெருவில் வம்பும் நடக்க ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குக் கையுறையும் முகமூடியும் கிடைத்திருக்கின்றன. தோட்டம் கொடுத்தது என்று நினைத்துவிடாதே, பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்தது. பழத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் உடம்பில் அந்த விஷம் எவ்வளவு ஏறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். நம் ரத்தத்தில் நரம்பை அடக்கி வைக்கிற சத்து ஒன்று இருக்கிறதாம், விஷம் ஏற ஏற அது இறங்குமாம். அதனால் மருந்து அடிக்கிற காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். வேலை முடிந்த கையோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தும் உன் அப்பா குளித்து, தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடா போவது என்றார். அந்த நர்ஸ் என்னங்க பெரியவரே, போட்டோ எடுக்கவா வந்தீங்க என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க மருந்தைத் தொடாதவர்களும் வேண்டும் என்றார்களாம். உடனே தோட்டத்து மேஸ்திரி, அவங்கவங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பா, வீட்ல சும்மாதானே இருக்காங்க என்றாராம். சும்மா இருக்கிறேனாம், அவர் சாப்பிடுகிற சோறு தானாக வெந்து தட்டில் ஏறுகிறது போலிருக்கிறது. சரி, நாலு பேருக்கு நல்லது நடந்தால் போகட்டும் என்று நானும் கையை நீட்டினேன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை எடுத்த பிறகு என்னை மட்டும் மறுபடி வரச் சொன்னார்கள். குழாய் மாறிவிட்டது என்று நினைத்தார்களாம். மாறவில்லை மகளே. அந்தச் சத்து அப்பாவுக்கு இறங்கியிருப்பதைவிட எனக்கு அதிகம் இறங்கியிருக்கிறது.

ஆராய்ச்சி டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாள், உன் வயசுதான் இருக்கும், கண்ணில் தூக்கமே இல்லை. எங்கே துவைக்கிறீங்க, எப்படித் துவைக்கிறீங்க, காட்டுங்கம்மா என்றாள். ஜன்னல் இல்லாத நம் குளியலறையைக் காட்டினேன். அப்பாவின் வேலைச் சட்டை சுடுதண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. குனிந்து அலசிப் பிழிந்து காட்டினேன், கறை ஒன்றுகூட நிற்காது என்று பெருமையாக வேறு சொன்னேன். அவள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். என் வெறுங்கையைப் பார்த்து, கையுறையை நாங்க யாருக்குக் கொடுத்தோம் பாருங்கம்மா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தலைசுற்றலை வயசுக் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். கண் மங்கினதற்குக் கண்ணாடி மாற்றலாம் என்றிருந்தேன். அந்தத் துணியைத் தொடாமல் இருந்தால் மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறாள், பயப்படாதே. நீ இந்த வீட்டில் இருந்தவரை அப்பா மருந்து வேலைக்குப் போகவில்லை, அதனால் உன்னைப் பற்றிப் பயமில்லை என்றும் சொன்னாள். அதை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது பார்சல். குழந்தைக்குப் பழைய பருத்திதான் உடம்பை உறுத்தாது என்று, அப்பாவின் நைந்துபோன வேலைச் சட்டைகளை வெட்டித்தான் சின்னச் சட்டையும் இடுப்புத் துணியும் தைத்தேன். இந்த நீலத்தை எடு, இதுதான் மெத்தென்று இருக்கு என்று அவரே பொறுக்கிக் கொடுத்தார். தபாலில் சேர்த்த பிறகுதான் ரத்த முடிவு வந்தது. எத்தனை துவைத்தாலும் விஷம் நூலுக்குள் நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு என் ரத்தம் நினைவில் இல்லை, அந்த நீலச் சட்டைதான் கண்ணில் நின்றது. அதைப் பிரிக்காமல் அப்படியே இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பிவிடு, விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்களாம். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே மனுஷர் உடைந்து கிடக்கிறார். தோட்டத்துக் குழாயிலேயே குளித்து, தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டு வருகிறார், என்னப்பா, வீட்ல துரத்திட்டாங்களா என்று மேஸ்திரி கிண்டல் செய்கிறாராம். அப்பா தோட்டத்திலேயே வேறு வேலை கேட்டாராம், பார்க்கலாம் என்றார்களாம், அந்தப் பார்க்கலாமை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது. வீட்டுக்கு வந்தாலும் என்னைவிட்டுத் தள்ளிச் சுவர் ஓரமாக உட்காருகிறார். பக்கத்தில் வாருங்கள் என்றால் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். நாளைக்குப் பிள்ளை பிறந்ததும், குழந்தை என் சட்டையைப் போட்டுச்சா என்று உன்னிடம் கேட்பார், என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். பொய் சொல் என்று எழுதவும் கை வரவில்லை.

இவ்வளவும் எழுதிப் பேனாவை மூடும்போது அப்பா உள்ளே வந்தார். கடைக் காகிதம் சுற்றிய புதுத் துணி, வெள்ளைப் பருத்தி, மேசையில் வைத்துவிட்டுப் பழையபடி சுவர் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவரேதான் சொன்னார், போன்ல நீ பேசினது காதுல விழுந்துச்சு, அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டியா, இதைத் தைச்சு அனுப்பு, இது நான் போடாதது என்றார். எனக்கு அதற்குமேல் எழுத்து தெரியவில்லை.

டீச்சரம்மா வீட்டுத் தொட்டியில் அலசித் தைத்து அனுப்புகிறேன், இதைத் தாராளமாகப் பிரி. ஆண்டவன் உனக்குச் சுகப்பிரசவம் கொடுக்கட்டும், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதைக்கு இங்கே வராதே, நானாக வா என்று எழுதும்வரை வராதே. இதை எழுதுகிறவள் உன் அம்மாதான் என்பதை மட்டும் மறக்காதே. அப்பா உன்னிடம் போனில் பேசும்போது சட்டைப் பேச்சை எடுக்காதே, வேலை முடிந்ததும் குளித்தீர்களா என்று மட்டும் கேள், அவருக்கு அது போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா.