அப்பாவின் ஊக்கு

டிங்வால்
மே 11

அன்புள்ள மர்டோவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். 'அன்புள்ள' என்று தொடங்கியது வழக்கத்தை ஒட்டித்தான். அதற்குள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. ஹாலிஃபாக்ஸில் பனி கரைந்திருக்கும். உன் மனைவியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் செய்தி. ஷோனாவுக்கு ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, இங்கே நம் தேவாலயத்தில் கல்யாணம். பையன் கால்நடை மருத்துவன். குறை சொல்ல எவ்வளவோ தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. விருந்தினர் பட்டியலில் அவள் உன் பெயரை எழுதினாள், நான் அடித்தேன். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தேன். மூன்றாம் முறை பட்டியலை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். "சித்தப்பாவுக்கு நான் பத்திரிகை அனுப்ப மாட்டேன்ப்பா. நீங்கதான் எழுதணும். எழுதலன்னாலும் பரவால்ல. முன் வரிசையில உங்க பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடக்கும். ஊரு கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க." நான் எழுதுவதாக இல்லை. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அடுத்து அவள் போட்ட நிபந்தனை கில்ட். மகளைக் கைபிடித்து அழைத்துப்போகிறவன் முழங்கால்வரை தொங்கும் அந்த மடிப்புப் பாவாடையில்தான் வரவேண்டுமாம், கால்சட்டையில் வரக்கூடாதாம். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அவருடைய கில்டை நீ பெட்டியில் வைத்துக் கொண்டுபோனதிலிருந்து நான் எந்த விசேஷத்துக்கும் கால்சட்டைதான். மூத்தவனுக்கு வரவேண்டியது கடல் தாண்டிப் போனபின் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. தலைமையாசிரியர் பதவியை எனக்குத் தராமல், இலக்கணம் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்த நாளில்கூட நான் இவ்வளவு வீம்பாக இருந்ததில்லை. ஆனால் ஷோனா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கமாட்டாய்.

இந்த ஊரில் கில்ட் தைப்பது ஜெசி மக்ஃபெயில். என்னிடம் லத்தீன் படித்தவள், இரண்டு முறை தோற்றவள். அவள் முன்னால் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "மூச்ச உள்ள இழுத்துப் பிடிக்காதீங்க சார், கல்யாணம் முடியிற வரைக்கும் பிடிச்சிட்டு நிக்க முடியாது" என்றாள். பிறகு மண்டியிடச் சொன்னாள். விளிம்பு தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டுமாம். முப்பது வருடமாகக் கடவுளுக்கு மடங்காத முழங்கால் ஜெசிக்கு மடங்கியது. அவள் முகத்தில் இருந்த திருப்தியை நீ பார்த்திருக்க வேண்டும்.

இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம். அப்பாவுடையது முப்பத்துநான்கு. அந்தக் கில்ட் எனக்குக் கிடைத்திருந்தாலும் நான் அதைக் கட்டியிருக்க முடியாது. உன் அண்ணி ரோனா இதைப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் காதில் விழுந்ததில்லை.

போன வியாழன் ஜெசியிடமிருந்து பெட்டி வந்தது. நம் குலத்துக் கட்டம்தான், கரும்பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடு. பின்பக்க மடிப்புகள் கலையாதிருக்க, குறுக்கே வரிசை வரிசையாக வெள்ளை நூலில் ஓட்டுத் தையல். நூலை இழுக்கக்கூடாது, வெட்டி எடுக்கவேண்டும் என்று ஜெசி ஒரு சீட்டு வைத்திருந்தாள். சமையலறை மேசையில் நாங்கள் மூவரும் சின்னக் கத்தரிகளோடு உட்கார்ந்தோம். நான் ஓரிடத்தில் இழுத்துவிட்டேன். மகள் புறங்கையில் தட்டினாள். பிறகு ரோனா ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டாள். மழையில் நனைந்த ஆட்டு மந்தை வீட்டுக்குள் வந்ததுபோல ஒரு வாசனை. மடிப்புகள் எல்லாம் கத்தி முனைபோல விழுந்தன. நான் கட்டிக்கொண்டு கூடத்தில் ஒருமுறை திரும்பினேன். ஷோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அவ்வளவு நல்ல சாயங்காலம் வந்து வெகுநாளாயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் அடுப்படிக்குப் போனதும் நான் மேசை இழுப்பறையைத் திறந்து அப்பாவின் ஊக்கை எடுத்தேன். ஆம், வாள் வடிவ வெள்ளி ஊக்கு என்னிடம்தான் இருக்கிறது. நீ பெட்டி கட்டிய அன்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீயும் கேட்கவில்லை. அதை வலப்பக்கக் கீழ் மூலையில் நன்றாக அழுத்திக் குத்தி, காலுறையை இழுத்துவிட நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். சர்ர் என்று ஒரு சத்தம்.

உனக்குப் புரிந்திருக்கும். உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் உடனே புரியும். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிவரும் இரண்டில், மேல் துணியோடு அடித்துணியையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன்; எழுந்ததும் கிழிந்துவிட்டது. மேல் துணியில் மட்டும் குத்தவும் என்பது ஜெசியின் சீட்டில் கடைசி வரி. கேள்வியைக் கடைசிவரை படியுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளிடம் கத்தியவன் நான்.

பதினேழு வயதில், அறுவடை நடனத்தன்று, அப்பாவின் கில்டில் நீ போட்ட அதே ஓட்டை, அதே மூலை. அந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸ்தோறும் சொன்னேன். உன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று, உன் மாமனார் வீட்டார் எதிரில், ஊக்குக் குத்தத் தெரியாத ஆடு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அது எனக்கு அன்றே தெரிந்தது.

சத்தம் கேட்டு ரோனா வந்தாள். பார்த்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இப்ப யாரு ஆடு, நீல்?" என்றாள். ஷோனா சிரிக்கவில்லை. எழுதுகிற தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

கிழிசலை ஜெசி நேற்று தைத்துக் கொடுத்தாள். வெட்டி மிஞ்சிய துணியிலிருந்தே நூல் பிரித்து இழையோடு இழையாகக் கோத்திருக்கிறாள். "தெரியாது சார். தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். அப்பா கில்டிலும் அப்படித்தான். அவளே கேட்டாள், "இதுக்காவது பாஸ் போடுவீங்களா?" நூற்றுக்கு நூறு போட்டேன். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

மர்டோ, கில்டைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. அது உன் இடுப்புக்குத்தான் அளவு. அதைக் கட்டிக்கொண்டு வா. நாற்காலி என் வலப்பக்கம். அன்று விருந்தில் நான் எழுந்து பேசவேண்டும், ஆடு கதையைத்தான் சொல்லப்போகிறேன். இந்த முறை ஆடு யார் என்பதை நீ உட்கார்ந்து கேட்கவேண்டும்.

எனக்குக் கடையில் சாதாரண ஊக்கு ஒன்று வாங்கிவிட்டேன். அப்பாவுடையது துடைத்துத் தயாராக இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். தேவாலய வாசலில் நானே உனக்குக் குத்திவிடுகிறேன், மேல் துணியில் மட்டும்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
நீல்