வட்டம் போட்டே பழகிய கை

புதன்கிழமை, இரவு

இன்றும் ஷூ கம்பெனியில் பகல் முழுக்கத் தோலைப் பரிசோதித்து, தழும்பும் கீறலும் இருக்கும் இடங்களில் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் ஷபானா அக்கா கேட்டார்: "இன்னாடி, நீ கதை எழுதிப் படிச்சுக் காட்டி எட்டு மாசம் ஆவுது?"

"முடிச்சிட்டேன்க்கா, நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்" என்று பொய் சொன்னேன். உடனே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வரி எழுதினேன். அடுத்த வரிக்குப் போகுமுன், பிடிக்காத சொல்லைக் கை தானாக வட்டமிட்டது. வேறு வரி எழுதினேன். அதிலும் வட்டம். இப்போது பக்கம் முழுக்க வட்டங்கள். ஒரு வரிகூடத் தேறவில்லை.

கம்பெனியில் எவ்வளவு மோசமான நாளிலும் பாதித் தோலாவது தேறும்.