கன்டெய்னருக்குள் அளக்கும் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு ராசு எழுதுவது. துபாயில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்ததிலிருந்து நம் நாட்டுச் சரக்கு வந்து குவிகிறது. ஆளைக் குறைப்பதாக இருந்த எங்கள் கிடங்கில் புது ஆள் எடுக்கிறார்கள். அங்கே அரிசி ஆலைகளுக்கும் நல்ல காலம்தானே?

நேற்று ஒரு வேடிக்கை. சீல் உடைக்காத அரிசி கன்டெய்னருக்குள் ஒரு குரல். ஒன்று என்று சொல்லாமல், நம் களத்து வழக்கப்படி “லாபம்” என்று தொடங்கி “ரெண்டு, மூணு” என்று எண்ணியது.

“அண்ணே, உள்ள யாரோ நெல்லு அளக்குறாங்க!” என்றார் கூட வேலை பார்க்கும் கூத்தாநல்லூர் ஜெக்கரியா.

எண்ணிக்கைக்கு நடுவே, தவறிப்போன அப்பா களத்தில் நெல் அளக்கும்போது இருமும் அதே இருமல். திறந்தால் மூட்டைகள்தான். கதவைச் சாத்தியதும் எண்ணிக்கை தொடர்ந்தது.

லீவில் ஊருக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தரும் ஜெக்கரியாவிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். நம் வயலை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை மட்டும் தள்ளிப் போடுங்கள். அப்பா இன்னும் அளந்து முடிக்கவில்லை.