புள்ளி இல்லாத அம்மா

வெள்ளிக்கிழமை, இரவு

கோவை விமான நிலையத்தில் நான் வழி தெரியாமல் நின்றதாக மருமகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை. வாசலில் பனியன் துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களின் பெயர் அட்டைகளுக்கு நடுவே என் பெயரைத் தேடினேன். ஒன்றில் புள்ளி விட்டுப்போய் ‘அமமா’ என்றிருந்தது. யார் வீட்டு அம்மாவோ என்று கடந்துபோனேன்.

டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தார். “ஏனுங்கம்மா, இதப் பாக்கலீங்களா? கம்பெனில லோடு ஏத்தறாங்க, அண்ணன் வர முடியலீங்க. அவரே எழுதிக் குடுத்தாருங்க.”

“எம் மகன் கதிர் எழுதுனா புள்ளி எங்க கண்ணு இருக்கும்?” என்றேன்.

கார் அவிநாசியைத் தாண்டும்போது பேனாவை எடுத்து நானே புள்ளி வைத்தேன். அட்டையைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

காலையில் இந்தப் பக்கத்தை அவன் தட்டுக்கு அருகில் திறந்து வைப்பேன். கதிர், அடுத்த முறை நீயே வந்து நிற்பாயா? எழுதிப் பதில் கொடு.